பின்சீட்டுச் சத்தம்

"டாடி, அது டெமோ பீஸ். உடைச்சிடாதீங்க," என்றான் ஜெர்சன், கடையே திரும்பிப் பார்க்கிற குரலில்.

சுவிசேஷமுத்து சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். குழந்தைகளுக்கான கார் சீட்டில் பெல்ட் மாட்டக் கற்றுக்கொண்டிருந்தார் அவர். இரண்டு பக்கத்து நாக்குகளையும் சேர்த்துப் பிடித்து நடுவிலிருக்கும் கொக்கிக்குள் அழுத்தினால் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். சிவப்பு பட்டனை அமுக்கினால் கழன்றுவிடும். கடைப்பெண் திரும்பத் திரும்பக் காட்டியும் அவருக்குக் கை வரவில்லை.

"ஏம்மா, ஒருக்க நீ செஞ்சு காட்டு," என்றார் மருமகளிடம். ஜெபிஷா எட்டு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்து மாட்டிக் காட்டினாள்.

ஜெர்சனுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. தள்ளுவண்டியைக் கடைக்குள் வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டே, சக்கரம் சாங்வி ரோட்டுக் குழிகளைத் தாங்குமா என்று கடைப்பெண்ணை இந்தியில் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தான். மூன்று மாதமாக ராத்திரி பகலாக வீடியோ பார்த்துப் பண்டிதனாகியிருந்தான். தெரியாதவர்கள் பார்த்தால் பிள்ளை பெறப்போவதே அவன்தான் என்று நினைத்திருப்பார்கள். வயிற்றுக்குள் பிள்ளை புரளும்போது தொட்டுப் பார்க்கக் கூப்பிட்டால் மட்டும் "ஒரு நிமிஷம்" என்பான். அந்த நிமிஷம் இதுவரை வந்ததில்லை.

சுவிசேஷமுத்து ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். "நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுதுல."

"காலைல அந்தக் காரமான மிசல ரெண்டு பிளேட் சாப்பிட்டீங்கல்ல? கேஸ்தான்," என்று போனிலிருந்து கண்ணெடுக்காமல் தீர்ப்புச் சொன்னான் மகன்.

"மாமாவுக்கு முகமெல்லாம் வேர்த்திருக்கு ஜெர்சன். இன்னொரு நாள் வாங்கிக்கலாம். போலாம், வா."

"ஃபிட்டிங் முடியட்டும். அவங்க ஆளு மாட்டினாத்தான் வாரன்ட்டி. நடுவுல விட்டா போயிடும்."

வாரன்ட்டி போகாமல் பார்த்துக்கொண்டான்.

சீட்டைக் காரின் பின்பக்கம் மாட்டி முடிக்கும்வரை பெரியவர் கடை வாசல் வெயிலில் நின்றார். சோடா வாங்கிக் கொடுத்தாள் ஜெபிஷா. ஏப்பம் வந்ததும் "சரியாயிட்டும்மா" என்று சிரித்தார். அவளும் அதை நம்பினாள். வண்டியில் ஏறி, புது சீட்டுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

விமான் நகர் தாண்டுவதற்குள் பின்னால் வேலை ஆரம்பமாகிவிட்டது. முதலில் பிளாஸ்டிக் உரசும் சத்தம். பிறகு, டக்.

"கைக்கு வந்துட்டும்மா! வந்துட்டு!"

ஜெபிஷா திரும்பிப் பார்த்துக் கைதட்டினாள். அதன் பிறகு டக், டக் என்று மாட்டுவதும் கழற்றுவதுமாக வந்தார். பேரப்பிள்ளையைத் தானே வண்டியில் உட்காரவைக்கப் போகிற மிதப்பு அவருக்கு.

பாலத்தில் வண்டிகள் நின்றன. ஜெர்சனின் கழுத்து விறைத்தது.

"டாடி, ப்ளீஸ். அந்தச் சத்தத்த நிறுத்துங்க. தலைய வலிக்குது."

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

"பாத்தியா? கொஞ்சம் கடுமையா சொன்னாத்தான் கேக்குறாரு," என்று வெற்றியோடு சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டான். பெரியவருக்கு முகம் தொங்கிப்போயிருக்கும், வீட்டுக்குப் போய் ஒரு டீ போட்டுக் கொடுத்துச் சமாதானப்படுத்தலாம் என்று ஜெபிஷா நினைத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் அவள் பின்கதவைத் திறந்தபோது அவர் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. ஒரு கை புது சீட்டுக்குள் கிடந்தது, பெருவிரல் சிவப்பு பட்டன்மேல். பெல்ட் ஒழுங்காக மாட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, வரும் வழியிலேயே போயிருக்கிறார் என்றார்.

மறுநாள் காலை வீடு நிறைந்துவிட்டது. நிக்டியிலிருந்து வந்த சத்தியவதி அத்தை, அண்ணன் காலடியில் விழுந்து அழுது எழுந்த கையோடு ஜெபிஷாவைப் படுக்கையறைக்குள் தள்ளினாள்.

"வயித்துப் பிள்ளக்காரி பொணத்தப் பாக்கக் கூடாதுட்டி. உள்ளயே இரி."

கதவு ஒருக்களித்திருந்தது. கூடத்தில் பேசுவதெல்லாம் கேட்டது.

"பிள்ள பொறக்குமுன்ன ஒரு கௌபீனத்துணி வாங்க மாட்டோம் நாங்க," என்றாள் அத்தை. "இவுக தள்ளுவண்டி வாங்கப் போனாவளாம்! வராத உசுருக்குச் சாமான் வாங்கி, இருந்த உசுரக் குடுத்தாச்சு. எவ புத்தியில இது?"

ஜெபிஷா காதைத் தீட்டிக்கொண்டாள். மூன்று மாத வீடியோவை எல்லாம் இப்போது சொல்வான் என்று எதிர்பார்த்தாள்.

"ஜெபிஷாதான் அத்தை, கொஞ்சம் அவசரப்பட்டா," என்றான் ஜெர்சன்.

அதோடு விட்டானா? போதகர் வந்ததும் குரல் தழுதழுக்க ஆரம்பித்தான். "டாடி ரொம்பப் பீஸ்ஃபுல்லா போனாரு ஐயா. கடைசி வரைக்கும் என்கூடப் பேசிக்கிட்டே வந்தாரு. ஜெபம் பண்ணிக்கிட்டே வந்தாரு." வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். யாரோ அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டார். இரண்டு பிளேட் மிசல் சாப்பிட்டு, பிள்ளைமாதிரி பெல்ட்டோடு விளையாடிக்கொண்டே போன மனிதரை ஒரே ராத்திரியில் பரிசுத்தவானாக்கிவிட்டான்.

டை எடுக்க அவன் உள்ளே வந்தான்.

"அத்தைகிட்ட போய் நிஜத்தச் சொல்லு," என்றாள்.

"இப்ப எதுக்கு சீன்? நாலு நாள்ல மறந்துடுவாங்க."

"மாமாவக் கொன்னவள்னு என் பேரு நிக்கும் ஜெர்சன். அவங்க மறக்க மாட்டாங்க."

"மெதுவாப் பேசு. அந்த சீட்டக்கூட ரிட்டர்ன் பண்ணிடலாம். பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. காலைல கழட்டப் பாத்தேன், வரமாட்டேங்குது. பெட்ஷீட் போட்டு மூடி வச்சிருக்கேன்."

கழன்று வராத அளவுக்குக் கச்சிதமான ஃபிட்டிங். அதற்குத்தானே அவ்வளவு நேரம் வெயிலில் நிறுத்தினான்!

"நீ மாமாகிட்ட கடைசியா என்ன சொன்ன?" என்று கேட்டாள்.

கண்ணாடியைப் பார்த்து டையை முடிந்துகொண்டிருந்த கை நின்றது. முடிச்சு கோணலாக விழுந்தது. அவன் அவிழ்த்து மறுபடி கட்டினான்.

சவப்பெட்டி சபை வண்டியில் ஏறியது; அத்தையும் கூட ஏறிக்கொண்டாள். மற்றவர்கள் வாசலில் நிற்க, ஜெபிஷா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

"ஏட்டி, எங்க போற? கல்லறத் தோட்டத்துக்கு வயித்தோட எவளாவது வருவாளா?" என்று அத்தை சபை வண்டியிலிருந்து கத்தினாள்.

"உள்ள வரல அத்தை. வண்டியிலயே இருக்கேன்."

காரின் பின்கதவைத் திறந்து, மாமனார் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். பெட்ஷீட்டை உருவிக் காலடியில் போட்டாள்.

"முன்னாடி வந்து உக்காரு," என்றான் ஜெர்சன்.

அவள் அசையவில்லை. வெளியே ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அவன் வண்டியை எடுத்தான். அவர் மாட்டியபடியே இருந்தது பெல்ட். சிவப்பு பட்டனை அமுக்கினாள். டக். இரண்டு நாக்குகளையும் சேர்த்துப் பிடித்து அழுத்தினாள். டக்.

ரியர்வியூ கண்ணாடியில் ஜெர்சனின் கண்கள் ஒருதரம் அவளைப் பார்த்தன. பிறகு பார்க்கவில்லை. பாலத்தில் வண்டிகள் நின்றன. அவள் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள்.

இந்தமுறை அவன் நிறுத்தச் சொல்லவில்லை.