பொதுச்சுவர்

விடியும் முன்பே கலவை மிஷின் உறுமத் தொடங்கிவிட்டது. முகம் தெரியும் அளவுக்கு இன்னும் வெளிச்சம் வரவில்லை. சரிவுப் பலகையில் ஏறுகிற பெண்களுக்கு அது தேவையுமில்லை. எந்தப் பலகை ஆடும், எங்கே ஆணி துருத்திக்கொண்டிருக்கும் என்பது அவர்கள் பாதங்களுக்குத் தெரியும். தலையில் சும்மாடு, அதன்மேல் பாண்டுச் சட்டி, பாண்டு நிறையத் தளும்பும் கான்கிரீட். வழிகிற சிமெண்டுப் பால் காதோரமாக இறங்கிக் கழுத்தில் எரிந்தது.

வரிசையின் உச்சியில் நிற்பவளை எல்லோரும் நெட்டச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு உயரம். கீழிருந்து வரும் பாண்டை வாங்கி எம்பாமலே மேலே நீட்டிவிடுவாள். "இவ ஒருத்தி நின்னா ஒரு ஏணி மிச்சம்" என்று மேஸ்திரி சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள். கொஞ்ச நாளாக அவள் சிரிப்பதில்லை.

போன மாதம் இதே கட்டடத்தின் பின்பக்கச் சாரம் முறிந்து அவள் புருஷன் விழுந்தான். வேலை சுத்தமான கொத்தனார் அவன். உளுத்த கழிகளையே திரும்பத் திரும்பக் கட்டுகிறார்களே என்று முதல் நாள்தான் சத்தம் போட்டிருந்தான். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. "குடிச்சிட்டு ஏறினான்" என்று முதலாளி ஒரே வார்த்தையில் கைகழுவிவிட்டார். குடிக்கிறவன்தான், அதற்காக நாலு பேர் கேட்க அவளே திட்டியிருக்கிறாள். ஆனால் கரண்டியைக் கையிலெடுத்த நாளில் ஒரு சொட்டுத் தொட்டவனில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இன்று அந்தப் புறநகருக்குக் குடிவருகிறவர்கள், பூங்காவும் பள்ளிக்கூடமும் மருந்துக்கடையும் ஆதியிலிருந்தே அங்கே இருந்ததாக நினைத்துக்கொள்வார்கள். நெட்டச்சிக்கு அந்த இடம் சேறாகத்தான் நினைவில் இருந்தது. கல்யாணமான புதிதில் லாரியில் வந்து இறங்கியபோது கண்ணுக்கெட்டிய மட்டும் கோரையும் கொசுவும்தான். இப்போதைய முதலாளியின் அப்பா அந்தச் சதுப்பின் ஓரத்தைக் காட்டி, "வேலை முடியிற வரைக்கும் இங்க இருந்துக்கங்க" என்றார்.

வேலை முடியவேயில்லை. ஒரு தெரு முடிந்தால் அடுத்த தெரு வந்தது. கட்டிய வீடுகளில் மிஞ்சிய உடைசலைக் கூடை கூடையாகச் சுமந்துவந்து கொட்டித் தங்கள் சேற்றை மேடாக்கினார்கள். தார்ப்பாய் தகரமாயிற்று, தகரத்துக்குக் கீழே செங்கல் சுவர் எழுந்தது. வசதியானவர்களின் குளியலறைக்கு வந்து உடைந்துபோன டைல்ஸ் துண்டுகள் இவர்கள் வீட்டுத் தரையாயின. ஒரே அறைக்குள் எத்தனையோ நிறம். அலைந்து திரிந்து ஓர் அடிபம்பு வாங்கினார்கள். பிறகு விளக்கு வந்தது. 'கூலிக்காரங்க ஸ்டாப்' என்று கூவிக்கொண்டிருந்த பஸ் கண்டக்டர், மாடி வீடுகள் பெருகியதும் 'பூங்கா ஸ்டாப்' என்று மாற்றிக்கொண்டார். அந்தப் பூங்காவின் மதிலும் இவர்கள் எழுப்பியதுதான்.

கடைசியாக வந்தது இந்த அடுக்குமாடி. அதற்கு அகலமான பாதை வேண்டும். பாதை வரவேண்டிய இடத்தில் இவர்கள் இருந்தார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும் என்று மேஸ்திரி வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனான். அதே வாரம் கூலியையும் குறைத்தார்கள்.

கான்கிரீட் சுமந்த அன்று மத்தியானம் முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். காருக்குள் உட்கார்ந்தபடியே பேசினார். அவள் வெயிலில் நின்றாள்.

"வீட்டுக்காரன் எப்படி இருக்கான்?"

"கெடக்காருங்க. திரும்பிப் படுக்கவே ஆள் வேணும்."

"ஆபரேஷன் பண்ணினா நடப்பானாமே? அதை நான் பாத்துக்கறேன். கீழ வாட்ச்மேன் ரூம் ஒண்ணு வருது. குழாய், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. ரெண்டு பேரும் அதுல இருந்துக்கங்க. நீ ஒண்ணே ஒண்ணுதான் செய்யணும்."

"என்னங்க?"

"சந்துல மொத வீடு உன்னுது. ஞாயித்துக்கிழமை நீயே பிரிச்சிடு. அதைப் பாத்து மத்தவங்க தானா எழுந்திருவாங்க."

"அவங்கள்லாம் எங்கய்யா போவாங்க?"

"ஊரையே தலையில தூக்கி வச்சுக்கணும்னா வச்சுக்க. பாண்டு சொமக்கற தலைதானே." கார்க் கண்ணாடி மேலேறியது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது புருஷன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிலைச் சுற்றிப் புண்ணின் வாடை.

"ஒத்துக்க" என்றான்.

"உங்க தங்கச்சி வீடு ஒட்டி இருக்கு. யோசிச்சீங்களா?"

"எனக்குக் கால் வேணும்." அவன் உதடு கோணியது. "எல்லாத்தையும் நீ அள்ளிப் போட, நான் மரக்கட்டையாட்டம் கெடக்கேன். செத்தாலும் தேவலாம், இப்படிக் கெடக்க முடியல."

அவள் அவன் வாயைப் பொத்தினாள். மறுநாள் மேஸ்திரியிடம் சரி என்றாள். சொல்வதற்கு முன் பக்கத்தில் யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அப்படிப் பார்த்துக்கொண்டதுதான் பிறகு அவளை அரித்துத் தின்றது.

நாத்தனாருக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷமாகிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் ஆணி அடிக்கும் உரிமை யாருக்கு என்று தொடங்கிய வாய்ச்சண்டை, பம்படியில் முடியைப் பிடிக்கும் வரை போனது. நாத்தனார் தன் அண்ணனைப் பார்க்க வருவாள். நெட்டச்சி தண்ணீருக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நெட்டச்சி சுவரில் ஏறி முதல் தகரத்தை நெம்பினாள். கிறீச்சென்ற அந்தச் சத்தத்துக்கு நாத்தனார் வெளியே ஓடிவந்தாள்.

"அண்ணி."

நெட்டச்சியின் கையில் கடப்பாரை அப்படியே நின்றது.

"அந்தச் செவுத்துமேலதான் என் உத்தரமும் உக்காந்திருக்கு. நீ இடிச்சா என் கூரையும் வந்துரும்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் பண்றியா?"

"உன் அண்ணன் நடக்கணும்டி! நான் வேற என்ன செய்யட்டும்?"

தெருவே கூடும்படி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். நாத்தனார் கத்தவில்லை. "செவுரு உன்னுதுன்னே வச்சுக்க அண்ணி. இனிமே நான் ஒரு ஆணிகூட அடிக்கல. இடிக்காம மட்டும் விடு."

இந்த வார்த்தைக்காகத்தான் நெட்டச்சி இத்தனை வருஷமாக மல்லுக்கு நின்றாள். கிடைத்ததும் கடப்பாரையைக் கீழே போட்டாள். இறங்கிவந்து குப்பைமேட்டில் உட்கார்ந்து, முதலாளி சொன்னதையெல்லாம் சொன்னாள்.

நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்: "அந்த வாட்ச்மேன் ரூமைக் கண்ணால பாத்தியா?"

"இன்னும் கட்டல."

"யாரு கட்டப்போறா?"

"நாமதான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனாருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாக மாறியது.

சாயங்காலம் பம்படியில் எல்லோரையும் கூட்டி, நெட்டச்சி தான் ஒத்துக்கொண்டதை மறைக்காமல் சொன்னாள். ஒருத்தி காறித் துப்பிவிட்டு எழுந்து போனாள். மற்றவர்கள் இருந்தார்கள். அடுத்து மேல்தளம் போடும் நாள் வருகிறது. முதலாளிக்கு அன்று ஆள் இல்லாமல் முடியாது.

"பாதித் தளம் போட்டதும் கையை ஒதறிட்டுப் போயிருவோம்" என்றான் கம்பி கட்டுகிறவன். "கலவை இறுகிப் பாழாப் போகட்டும்."

"வேணாம்" என்றாள் நெட்டச்சி. "பாதியில விட்டுட்டு மறுபடி போட்டா ஒட்டாது. ஒட்டாத தளம் நாளைக்கு அடியில குடியிருக்கறவன் தலையில விழும். விழுந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தொடங்கவே வேணாம்."

தளம் போடும் நாள் வந்தது. மிஷின் தயாராக நின்றது, மூட்டைகள் அடுக்கியிருந்தன. யாரும் மூட்டையைப் பிரிக்கவில்லை. பாண்டுகளைக் கவிழ்த்துப்போட்டு, கட்டட நிழலில் அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வரவில்லை. இரண்டு குடும்பங்கள் முந்தின நாளே சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டன.

முதலாளி காரைவிட்டு இறங்கியே வந்தார். "உன் புருஷன் ஆபரேஷன் நெனப்பிருக்கா?"

"இருக்குங்க. அதையும் கேக்கத்தான் உக்காந்திருக்கோம்." அவள் பின்பக்கச் சாரத்தைக் கைகாட்டினாள். "சாரம் உங்களுது, விழுந்தது எங்க ஆளு. வைத்தியம் நீங்க போடற பிச்சையில்ல."

"சரி, இடம்? அது யாரு அப்பன் வீட்டு இடம்?"

"உங்க அப்பா குடுத்தது சேறு" என்றாள் நாத்தனார். "அது அடியில அப்படியே கெடக்கு, தோண்டி எடுத்துக்கங்க. மேல இருக்கறது நாங்க கொட்டினது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியின் முகம் கறுத்தது. போலீசுக்குப் போன் போட்டார். அடுத்த போனை, வேறு ஆள் கேட்டு, மேஸ்திரி போட்டான்.

வெயில் ஏறும்போது வேறு எங்கிருந்தோ ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. இறங்கியவர்கள் கையிலும் பாண்டு, தோளில் சும்மாட்டுத் துணி. இவர்களைவிட ஒட்டிய வயிறு. வந்தவர்களோடு என்ன சண்டை போடுவது? நெட்டச்சி எழுந்துபோய் முன்னால் நின்றவளிடம் பேசினாள்.

"இங்க நாங்க வேலையை நிறுத்தியிருக்கோம்மா. சொன்னாங்களா?"

"இல்லையேக்கா. அவசர வேலைன்னுதான் ஏத்திட்டு வந்தாங்க. என்ன ஆச்சு?"

"சாரம் முறிஞ்சு என் வீட்டுக்காரர் விழுந்துட்டார். எழுந்திரிக்க முடியாமக் கெடக்கார். எங்க எல்லாரையும் வீட்டைக் காலிபண்ணச் சொல்றாங்க."

அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தாள். முறிந்த கழிகளுக்குப் பக்கத்தில் கழி வைத்துக் கயிறு சுற்றி, அதே சாரம் நின்றுகொண்டிருந்தது.

"இதுலயா எங்களை ஏத்தப்போறாங்க?"

"ம், நடங்க நடங்க, நேரமாகுது!" என்று மேஸ்திரி கை தட்டினான்.

"இருங்க, பேசிட்டிருக்கோமில்ல" என்றாள் அந்தப் பெண், அவன் பக்கம் திரும்பாமலே. பாண்டைக் கீழே வைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு பாண்டு தரையில் இறங்கியது.

தெருமுனையில் போலீஸ் ஜீப்பின் சத்தம் கேட்டது. நெட்டச்சி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"தள்ளி உக்காருங்கடி" என்று நாத்தனார் பின்னால் அதட்டினாள். "லாரில வந்தவங்க எத்தனை நேரம் வெயில்ல நிப்பாங்க?"

உட்கார்ந்திருந்தவர்கள் நெருக்கிக்கொண்டு நிழலில் இடம் விட்டார்கள்.