ஹாரன் மாமாவின் மூச்சு

ஏரிக்கரை ஊர் ஒன்றில் தேனிலவுக்கு எட்டு நாள் இருந்துவிட்டு அவளும் கணவனும் வீடு திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு புதன்கிழமை மதியம், தன் மாமனார் இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள். பக்கத்தில் ஒரு ரொட்டிப் பாக்கெட். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

அவள் பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் லேபில் வேலை பார்ப்பவள். அன்றைக்கு அங்கே கரண்ட் போய்விட்டதால் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். இல்லையென்றால் அந்த நேரத்தில் அவள் அந்தப் படியில் ஏறியிருக்கவே மாட்டாள்.

"என்ன மாமா, இங்க உக்காந்திருக்கீங்க?"

"படியை ஒழுங்கா... பெருக்கியிருக்காங்களான்னு... பார்க்கிறேன்."

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ஹாரன் மாமா. மூன்றாவது மாடியிலிருந்து "கேட்டைச் சாத்துப்பா!" என்றால் தெருமுனையில் போகிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். மகன் லிஃப்ட் மெக்கானிக். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுறான், பெத்த அப்பனை அறுபது படி ஏற வைக்கிறான்" என்று வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவர் ஒரு வரி பேசி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

அவள் ரொட்டியை எடுத்துக்கொண்டு, அவர் தோளுக்கு அடியில் கை கொடுத்து மேலே கூட்டிப்போனாள். பதினெட்டுப் படி ஏற கால் மணி நேரம் ஆனது. வீட்டுக்குள் வந்ததும் அவர் தன் அலமாரியைத் திறந்து, மடித்து வைத்த சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து அவளிடம் கொடுத்தார். எக்ஸ்ரே, ஸ்கேன், டாக்டரின் கடிதம். நுரையீரல் முழுக்கத் தழும்பு ஏறி இறுகிக்கொண்டு வருகிறது என்றும், அதை நிறுத்த மருந்தில்லை, கொஞ்சம் மெதுவாக்கலாம் என்றும் எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முந்தியது.

"அவருக்குத் தெரியாதா மாமா?"

"தெரிஞ்சா கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருப்பான். அவங்கம்மா போனப்பவே ஒரு தடவை தள்ளிப் போட்டாச்சு. இன்னொரு தடவைன்னா உங்க வீட்ல சும்மா இருப்பாங்களா?" கட்டிலில் சாய்ந்து மூச்சைத் திரட்டிக்கொண்டார். "ஒரு ஆறு மாசம் நீங்க சந்தோஷமா இருங்க. அப்புறம் நானே சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறக்கக் கூடாது."

"எனக்குப் பொய் சொல்ல வராது மாமா."

"பொய் சொல்லச் சொல்லல. சொல்லாம இருன்னுதான் சொல்றேன்."

அவள் அந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எந்தப் பாத்திரம் எந்தத் தட்டில் என்றுகூட இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. மாமனார் முதல்தடவையாக ஒன்று கேட்கிறார். தலையாட்டிவிட்டாள்.

சொல்லாமல் இருப்பது ஒரு வாரத்திலேயே பொய்யாக மாறியது. டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போக லேபில் அரை நாள் விடுப்பு எடுத்தாள். கணவனிடம் வேலை அதிகம் என்றாள். மருந்தை வைட்டமின் மாத்திரை டப்பாவில் மாற்றி வைத்தாள். "அப்பா ஏன் இப்பல்லாம் கத்தவே மாட்டேங்கிறாரு?" என்று கணவன் சிரித்துக்கொண்டே கேட்டபோது, "மருமக வந்துட்டேன்ல, அடக்கி வாசிக்கிறாரு" என்றாள். அவன் அதை நம்பி, அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான்.

அவன் நல்லவன். வேலைவிட்டு வரும்போது கையில் கிரீஸ் வாசனையோடு வருவான்; சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாலும் போகாது. எங்கே மாட்டிய லிஃப்டில் யார் சிக்கிக்கொண்டார்கள், கதவைத் திறந்ததும் என்ன சொன்னார்கள் என்று நடித்துக் காட்டுவான். அவள் சிரிப்பாள். சிரிக்கும்போதே அடுத்த அறையில் அடக்கி இருமுகிற சத்தத்துக்கு அவள் காது போய்விடும். புதுப்பெண்ணின் கூச்சம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் படிகளை இரண்டிரண்டாகத் தாவி வந்தான். கம்பெனியில் அவனை வேறு ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். இரண்டு வருஷம். பெரிய விமான நிலையத்தின் லிஃப்ட் வேலை முழுக்க அவன் பொறுப்பு.

"திங்கக்கிழமை கையெழுத்துப் போடணும். நீயும் வர்ற. அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?"

"போடா!" என்றார் மாமனார். மார்பில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து அந்த ஒரு சொல்லைப் பழைய குரலில் சொன்னார். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவர் இருமுவது அவளுக்கு மட்டும் கேட்டது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் மாமனாரிடம் மன்றாடினாள். "நீங்களே சொல்லிடுங்க மாமா. போனதுக்கு அப்புறம் தெரிஞ்சா அவர் தாங்க மாட்டாரு." அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திங்கட்கிழமை காலை கணவன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் உறையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எல்லாத் தாளையும் படித்தான். ஒரு ஷூவின் கயிறு கட்டாமல் தொங்கியது.

"இது எப்போ உன் கைக்கு வந்துச்சு?"

"ரெண்டு மாசம் ஆகுது."

"ரெண்டு மாசமா தினம் என் பக்கத்துலதானே படுத்திருந்த?"

அவன் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. தாள்களை வரிசை மாறாமல் உறைக்குள் போட்டு மேசையில் வைத்துவிட்டு, அப்பாவின் அறை வாசலில் போய் நின்றான். உள்ளே போகவில்லை. பிறகு படியிறங்கிப் போய்விட்டான். கையெழுத்துப் போடவில்லை. அந்த வேலை வேறொருவனுக்குப் போனது.

மாமனாரும் அவளை மன்னிக்கவில்லை. "உன்னை நம்பினேன்" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான் பேசினார். ஒன்பது நாள் அந்த வீட்டில் இரண்டு ஆண்களும் ஒருவரோடொருவர் பேசவில்லை, அவளோடும் பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் அவள் நடுவில் தபால்காரி. "சாப்பிட்டாரான்னு கேளு." "சாப்பிட்டேன்னு சொல்லு." இரண்டு பேரும் நான்கடி தூரத்தில்தான் இருப்பார்கள். யாருக்காகச் செய்தோம், யாரிடம் கெட்ட பெயர் வாங்கினோம் என்று லேபில் மெழுகில் பல் வரிசை அடுக்கிக்கொண்டே அவள் யோசிப்பாள். கண் கலங்கினால் பல் கோணிப்போகும். அந்த வாரம் மூன்று செட் திரும்பி வந்தது.

பத்தாவது நாள் ஆக்சிஜன் மெஷின் வந்தது. கூடத்து மூலையில் வைத்தார்கள். அதிலிருந்து கிளம்பிய நீளமான குழாய் வீடு முழுக்க ஊர்ந்து மாமனாரின் மூக்கில் முடிந்தது. கொண்டுவந்தவர் எப்படி இயக்குவது என்று சொல்லும்போது கணவன் குனிந்து கவனமாகக் கேட்டான். இயந்திரம் என்று வந்துவிட்டால் அவனுக்குக் கோபம் மறந்துபோகும். புட்டியில் தண்ணீரை எந்தக் கோடு வரை ஊற்ற வேண்டும், வடிகட்டியை எப்போது கழுவ வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "மூக்குல உறுத்துதாப்பா?" என்றான்.

"காதுலதான்... உறுத்துது" என்றார் அவர். அவன் குழாய் உரசுகிற இடத்தில் பஞ்சு வைத்துக் கட்டினான். மகனின் கையை அவர் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவளிடம் அவன் பேச இன்னும் சில நாள் ஆனது. குழாயில் கால் தட்டி அவள் விழப் போனபோது சட்டென்று பிடித்து, "பார்த்து வா" என்றான். அதுதான் முதல் பேச்சு. அதன் பிறகு பேசினார்கள், ஆனால் எல்லாம் அவரைப் பற்றியே. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவி காலையில் எவ்வளவு காட்டியது, மாத்திரை தீர்ந்துவிட்டதா, யார் எந்த நாள் விடுப்பு எடுப்பது. புது மணத்தம்பதியின் அறைக் கதவு எப்போதும் திறந்தே கிடந்தது, அவர் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று.

மழைக்காலம் தொடங்கி முடிவதற்குள் அவர் பாதியாகிவிட்டார். முதலில் படி போனது. பிறகு பால்கனி. பிறகு குளியலறைக்குப் போகிற எட்டு அடி. சட்டைப் பொத்தான் போடுவதுகூட மலையேறுவது மாதிரி ஆனது. கீழ்வீட்டு டீச்சர் ஒருநாள் வந்து, "மாமா, உங்க சத்தம் இல்லாம யாருமே கேட்டைச் சாத்தறதில்ல" என்றபோது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாகி அடங்கப் பத்து நிமிஷம் பிடித்தது. அதற்குப் பிறகு அவரைப் பார்க்க வருகிறவர்கள் சிரிக்க வைக்கப் பயந்தார்கள்.

டாக்டரம்மா கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். இனி ஒருதடவை மூச்சு முட்டினால் தொண்டையில் குழாய் விட்டு, மூச்சு விட வைக்கிற மெஷினில் போட வேண்டி வரலாம், ஆனால் அதிலிருந்து எடுக்க முடியும் என்று தான் நினைக்கவில்லை என்றார். வெளியே வந்ததும் கணவன், "போட்டுத்தான் பார்ப்போமே" என்றான். "நீ என்ன சொல்ற?"

"என்னை ஏன் கேக்கறீங்க? அவரையே கேளுங்க. இந்த வீட்ல ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர் முடிவு பண்ணினதெல்லாம் போதும்."

அவன் கேட்டான். அன்றைக்கே, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நேராக. அவர் ஒவ்வொரு சொல்லாகப் பதில் சொன்னார். "வேணாம்டா. வீட்லயே... இருக்கேன். மருமககிட்ட... கோவிச்சுக்காத. நான்தான்... அவளை மாட்டி விட்டேன்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். கதவோரம் நின்றிருந்த அவள் சமையலறைக்குப் போய், கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவினாள்.

அதற்குப் பிறகு பதினாறு நாள்தான். ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் முறை, வீட்டில் இருந்தாள். பதினொன்றரை மணிக்கு அவர் மூச்சு மாறியது. ஆழமாக ஒன்று, பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை, பிறகு ஒன்று. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். அவர் எழுதிக்கொடுத்திருந்த மருந்தைக் கொடுத்தாள். கணவனுக்கு ஏழு தடவை போன் அடித்தாள். அவன் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தான். அங்கே சிக்னல் கிடையாது. கம்பெனிக்குப் போன் செய்து, ஆள் அனுப்பி, செய்தி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. அவன் வந்தபோது எல்லாம் முடிந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. அவள் இயந்திரத்தை நிறுத்தியிருந்தாள். பல மாதத்துக்குப் பிறகு அந்தக் கூடத்தில் சத்தமே இல்லை.

கை கழுவக்கூட இல்லாமல் அவன் அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டான். வெள்ளை விரிப்பில் கறுப்பாகக் கை அச்சு விழுந்தது. டீச்சர் வந்து, "உன் பேரைச் சொல்லிக்கிட்டேதான் போயிருப்பாரு தம்பி" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் வெளியே போனதும் அவன் கேட்டான். "கடைசியா என்ன சொன்னாரு?"

அவளுக்கு ஒரு கணம் டீச்சர் சொன்னதையே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவனுக்கு ஆயுள் முழுக்க அது போதும். யாருக்கும் தெரியவும் போவதில்லை.

"கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் நகர்த்துன்னாரு. நகர்த்தினேன். அவ்வளவுதான்."

"என்னைக் கேக்கலையா?"

"கேக்கலீங்க."

அவன் அப்பாவின் கால்பக்கம் நகர்ந்து, இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தோள் அவள் மேல் சாய்ந்தது. அவள் அசையவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மாத்திரை நேரம் இல்லை, குறிக்க வேண்டிய எண் இல்லை, யாரும் கூப்பிடப் போவதில்லை. என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"உனக்கு சாப்பிட என்ன பிடிக்கும்?" என்றான் அவன். கேட்ட பிறகு அவனுக்கே வெட்கமாக இருந்தது. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவள் யோசித்தாள். சட்டென்று எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"இருங்க, யோசிச்சு சொல்றேன்" என்றாள்.

அவன் காத்திருந்தான்.