பூட்டுக்கு வைத்த சிவப்பு

அப்பாஸ் பாய் கட்டைவிரலில் எச்சில் தொட்டு அந்த அலுமினியத் தகட்டைத் தேய்த்தார். சிவப்பு மொத்தமும் விரலுக்கு வந்துவிட்டது.

"என்ன தங்கச்சி, பூட்டுக்கு மருதாணி வச்சுக் கொண்டாந்திருக்கே?"

கனகாவுக்கு முகம் சுண்டிப்போனது. பூட்டுக்கடைக்காரரான பாய், பூட்டின் முகப்பில் பதிக்கத்தான் சிவப்புத் தகடு கேட்டிருந்தார்.

"நாளைச் சாயங்காலம் நானே வீட்டுக்கு வாரேன். அப்பவும் அழிஞ்சா வேலை மதுரைக்குப் போயிரும்."

அவள் வீடு திரும்பியபோது, கொல்லையில் புருஷன் ஈஸ்வர் எல்லாவற்றையும் ஏறக்கட்ட ஆரம்பித்திருந்தான். லாரி செட்டில் கேட்டு வாங்கிய பேட்டரி சார்ஜர், ஈயத்தகடு, ஆசிட் தொட்டி எல்லாம் அவன் பாடுபட்டுச் சேர்த்தவை. ஆசிட் தண்ணீரில் அலுமினியத்தைத் தொங்கவிட்டுக் கரண்ட் கொடுத்தால் அதன்மேல் ஒரு தோல் பிடிக்கும். அந்தத் தோலில் உள்ள பொடித் துளைகள் சாயத்தைக் குடிக்கும். சாயம் கனகாவின் பொறுப்பு. சின்னாளபட்டியில் சுங்கடிச் சேலைக்குச் சாயம் போடும் வீட்டில் பிறந்தவள்.

"ஒங்க வீட்டுச் சாயம் சேலைக்குத்தான் ஒட்டும்போல. சார்ஜரைத் திருப்பிக் குடுத்துட்டு வாரேன்."

"செத்த நேரம் பொறுங்க."

தோற்றுப்போன தகடுகளை அவள் ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டினாள். எல்லாம் வெளுத்தன. ஒரே ஒரு தகட்டின் சிவப்பு மட்டும் அசையவில்லை. தொங்கவிட்ட கம்பியிலிருந்து நழுவி, அலசுகிற வாளிக்குள் விழுந்து கிடந்த தகடு அது. கடைசியில் கண்டெடுத்து நேரே சாயத்தில் போட்டிருந்தாள். மற்றவற்றையெல்லாம் முதலில் கொதிதண்ணீரில் வேகவைத்திருந்தாள்.

கனகா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னங்க, கஞ்சி போகணும்னு வேகவச்சிருக்கேன்! துணியக் கண்ட பழக்கம். தகட்டுல ஏது கஞ்சி? கொதிதண்ணி பட்டு துளை வாயெல்லாம் அடைச்சுக்கிருச்சு. சாயத்தக் குடிக்க விட்டுட்டு, பெறகுல்ல வேகவைக்கணும்!"

ஈஸ்வர் சார்ஜரை மறுபடி மாட்டினான்.

மறுநாள், துணி காயும் கொடியில் தகடுகள் மாதுளை முத்தாக மின்னின. பாய் வந்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தார். கடைசியில் தன் வெள்ளைச் சட்டை நுனியிலேயே வைத்து அழுத்தித் தேய்த்தார். சட்டை வெள்ளையாகவே இருந்தது.

"பாய், சட்டை கிழிஞ்சிரப் போகுது," என்றான் ஈஸ்வர்.

பாய் தகட்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மதுரைக்காரனை வேற வேலை பாத்துக்கச் சொல்லிர்றேன். ஏம்மா, பச்சை வருமா?"

"வரும் பாய். கிளிப்பச்சை வேணுமா," கனகா இடுப்பில் கை வைத்துக் கேட்டாள், "மருதாணிப் பச்சை வேணுமா?"