தீர்த்தம் படாத கலங்கள்

பொங்காலைக்கு இரண்டு நாள் இருக்கும்போதே பூமாரி கல் வைத்துவிட்டாள். ஸ்ரீவராகத்தில் வராகநிழல் ஃப்ளாட்டின் முன்வாசலுக்கு வலப்பக்கம், மதிலை ஒட்டி, மூன்று செங்கல். அதில் ஒன்றின் மேல் சுண்ணாம்பால் தன் பெயர். ஆற்றுக்கால் அம்மனுக்குப் பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு கூட்டிப் பொங்கலிடுகிற பொங்காலைக்கு இந்த ஊரில் இடம் பிடிக்கிற முறை அதுதான். ரோடு எல்லாருக்கும் சொந்தம், கல் வைத்தவளுக்கு அந்த ஒரு நாள் அந்த மூன்றடி இடம் சொந்தம். எப்பேர்ப்பட்ட வீட்டுப் பெண்ணானாலும் அடுத்தவள் கல்லைத் தொடமாட்டாள்.

தொட்டுவிட்டார்கள். பொங்காலையன்று விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புதுக்கலமும் அரிசியும் வெல்லமும் விறகுமாக அவள் வந்து நின்றபோது மதிலோரம் முழுக்க நீலக்கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் ஒரு பேனர்: ஃப்ளாட் குடும்பத்தினருக்கும் விருந்தினருக்கும் மட்டும். பூமாரியின் கல்லும், அவளோடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மற்ற பதினோரு பெண்களின் கல்லும் ஃப்ளாட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் குப்பையாகக் குவிந்து கிடந்தன. அம்மனுக்கு அடுப்பு கூட்ட வைத்த கல்லை இப்படி வாரிப் போட எந்தப் பாவிக்குக் கை வந்ததோ.

கை வந்தது உமாசங்கருக்கு. நாகர்கோவில்காரர், ஆடிட்டர், ஃப்ளாட் அசோசியேஷன் செக்ரட்டரி. அவர் வீட்டில்தான் பூமாரி ஆறு வருஷமாகப் பாத்திரம் தேய்க்கிறாள். முன்பின் தெரியாதவன் செய்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அவள் போய்க் கேட்டதற்கு அவர் செல்ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார். துபாயிலிருந்து தங்கச்சி குடும்பம் வந்திருக்கிறதாம், ஃபோட்டோ எடுப்பார்களாம், முன்பக்கம் பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டுமாம். பின்சந்தில்தான் தாராளமாக இடம் கிடக்கிறதே, அங்கே போய் வையுங்கள் என்றார்.

ஒழுங்கு! பன்னிரண்டு பெண்கள் குளித்து, விரதமிருந்து, மஞ்சள் புடவை கட்டி வந்து நிற்பது இவருக்கு ஒழுங்குகேடு. அந்தச் சந்தின் லட்சணம் அவருக்குத் தெரியாததா? ஒரு பக்கம் மூடாத ஓடை. இன்னொரு பக்கம் ஃப்ளாட்டின் அடித்தளத்திலிருந்து கார்கள் ஏறி வருகிற சரிவு. கார் வெளியே போக அதை விட்டால் வேறு வழி கிடையாது. ஃபோட்டோவில் விழாமல் இவர்களைத் தள்ளிவிட்டால் போதும் என்கிற அவசரத்தில் மனிதர் அதைக்கூட யோசிக்கவில்லை.

வேறு தெருவுக்குப் போகலாம் என்றால் அதற்குள் ஊரெல்லாம் பெண்கள் நெருங்கி உட்கார்ந்துவிட்டார்கள், ஒரு அடுப்புக்கு இடமில்லை. கட்டட வேலைக்குப் போகிற பிச்சைக்கனி அக்காள்தான் சொன்னாள், அம்மனுக்கு முன்வாசல் ஏது, பின்வாசல் ஏது, கல்லை எடுத்து வையுங்கடி என்று. பூமாரி பல்லைக் கடித்துக்கொண்டு குவியலில் தன் பெயர் எழுதிய கல்லைத் தேடி எடுத்தாள்.

அவள் அன்றைக்குச் சண்டை பிடிக்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அவள் புருஷன் சுடலைக்கண்ணு மூன்று வருஷத்துக்கு முன்னால் கழக்கூட்டத்தில் சாரத்திலிருந்து விழுந்தான். இனி எழுந்திருக்க மாட்டான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். எழுந்து நடந்துவிட்டால் மூன்று வருஷம் தொடர்ந்து பொங்காலை வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். அவன் இப்போது கைத்தடி வைத்து நடக்கிறான். இது மூன்றாவது வருஷம், கடைசிக் கலம். இது குறைவில்லாமல் முடிய வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

பத்தரை மணி போல ஒலிபெருக்கியில் செண்டை முழங்கியதும் கோயிலில் மூட்டிய தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி வந்தது. சந்து முழுக்கப் புகை. சூரியன் உச்சந்தலையில் நிற்க, ஓடை நாற்றத்துக்கு நடுவில் பன்னிரண்டு கலமும் பொங்கின. குலவை போட்டார்கள். பூமாரியின் கலம் கிழக்கே பார்த்துப் பொங்கி வழிந்தது. அவள் அழுதுவிட்டாள்.

இனி தீர்த்தம் விழ வேண்டும். கோயிலில் நைவேத்தியம் ஆனதும் பூசை செய்கிற போற்றிகள் தீர்த்தக் குடத்தோடு தெருத்தெருவாக வந்து ஒவ்வொரு கலத்திலும் தெளிப்பார்கள். தெளித்தால்தான் நேர்த்திக்கடன் அம்மனுக்குச் சேர்ந்தது. அதுவரை கலத்தை அடுப்பிலிருந்து இறக்கக்கூடாது, வாயில் ஒரு பருக்கை போடக்கூடாது.

ஒன்றரை மணிக்கு முன்பக்கம் குலவை கேட்டது. போற்றி வந்துவிட்டார் என்று எல்லாரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்கள். நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். முன்பக்கத்துப் பெண்கள் கலத்தைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறிப் போனார்கள். மேலே ஜன்னல்களிலிருந்து சாப்பாட்டு வாசனை வந்தது. இரண்டு மணி ஆயிற்று, இரண்டரை ஆயிற்று. சந்துக்குள் ஒருத்தரும் வரவில்லை.

பூமாரி முன்வாசலுக்கு ஓடினாள். உமாசங்கர் ஏப்பம் விட்டுக்கொண்டு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். போற்றி வந்தார், போய்விட்டார், அடுத்த தெருவுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

“அம்மன் எல்லாம் பாத்துட்டுதானே இருக்கா பூமாரி. நீயே கொஞ்சம் பைப் தண்ணி தெளிச்சுக்கோ. அதுவே போதும்.”

“அப்பம் உங்க அடுப்புக்கு மட்டும் எதுக்கு சார் போற்றியைக் குடை புடிச்சுக் கூட்டிட்டு வந்திய?”

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. திருவிழா நாளும் அதுவுமாக வாய் காட்டாதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் திரும்பி வந்து அடுப்பின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தெளிக்கிறவர் வருகிறவரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். காலையில் சமாதானம் சொன்ன பிச்சைக்கனி அக்காளும் இப்போது சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

மூன்று மணிக்கு அடித்தளத்திலிருந்து முதல் கார் ஏறி வந்தது. துபாய்த் தங்கச்சியின் குடும்பம், சாயங்கால விமானம். சரிவு முடிகிற இடத்தில் பூமாரியின் அடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் வரிசையாகப் பதினொன்று. டிரைவர் ஹாரன் அடித்தான். பின்னால் இரண்டாவது கார் வந்து நின்றது, மூன்றாவது வந்தது. ஹாரன் சத்தத்தில் சந்தே அதிர்ந்தது. பெண்கள் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

உமாசங்கர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். கலத்தை ஓரமாகத் தள்ளி வையுங்கள் என்றார்.

“தள்ளக்கூடாது சார். தீர்த்தம் விழுந்தாத்தான் கலத்தை எடுக்கணும். உங்க வீட்டுலயும் அதுதான முறை? எங்களை இங்க கொண்டு வச்சது நீங்க. போற்றியைக் கூட்டிட்டு வாங்க, எடுக்கோம்.”

அவர் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு எடுத்து வைக்கச் சொன்னார். அந்த ஆள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, வேலையை விட்டு நீக்கினாலும் சரி, பொங்கின கலத்தில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். தங்கச்சி காரிலிருந்து இறங்கி மணியைப் பார்த்தாள். டிரைவர்களும் இறங்கி நின்றார்களே தவிர ஒருத்தனும் அடுப்புப் பக்கம் போகவில்லை. அப்புறம் உமாசங்கர் போலீசுக்கு ஃபோன் போட்டார்.

தெருமுனையில் போலீஸ் வண்டியோடு காவலுக்கு நின்றிருந்த ஸ்மிதா என்கிற பெண் போலீஸ் வந்தாள். ரோட்டை மறிக்கிறார்கள், கேஸ் எழுதுங்கள் என்று அவர் மலையாளத்தில் பொரிந்து தள்ளினார். அவள் குனிந்து கலங்களைப் பார்த்தாள். காலையிலிருந்து வெயிலில் காய்ந்து கறுத்த பெண்களைப் பார்த்தாள்.

“நைவேத்யம் ஆகாத்த கலம் ஞான் தொடில்ல சாரே. போற்றி எந்தா இவிட வராஞ்ஞது?”

போற்றி ஏன் இங்கே வரவில்லை என்ற கேள்விக்கு அவர், அது கோயில் பாடு, தனக்கென்ன தெரியும் என்றார்.

அப்போதுதான் அவருடைய அம்மா சரஸ்வதியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஹாரன் சத்தம் கேட்டு நாலாவது மாடியிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள். மகனைப் பார்த்துப் பேசவில்லை, போலீஸ்காரியிடம் பேசினாள்.

“பின்னால இன்னும் அடுப்பு உண்டுமான்னு போற்றி கேட்டாரு மக்ளே. நான் பக்கத்துலதான் நின்னேன். இல்ல, இவ்வளவுதான்னு இவன்தான் சொல்லி அனுப்பினான். இப்படி ஆகும்னு நான் அப்பமே வாயத் தொறந்திருக்கணும்.”

பூமாரிக்கு அதுவரை இருந்தது கோபம். இப்போது உள்ளங்கால் வரை கொதித்தது. மறந்து போகவில்லை, நேரமில்லாமல் போகவில்லை. பன்னிரண்டு பேர் பட்டினி கிடப்பது தெரிந்தே, இங்கே ஆளே இல்லை என்று சொல்லியிருக்கிறார் பாவி மனுஷர். கல்லை நகர்த்தியதையாவது பொறுக்கலாம்.

ஸ்மிதா அவரைப் போலீஸ் வண்டியின் பின்சீட்டில் ஏறச் சொன்னாள். நீங்கள் அனுப்பிய போற்றியை நீங்களே கூப்பிட்டு வாருங்கள் என்றாள். ஃப்ளாட்டே பார்த்துக்கொண்டிருக்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

பக்கத்து மணக்காட்டில் எங்கோ பிடித்துப் போற்றியைக் கூட்டி வரும்போது மணி நாலேகால். விஷயம் தெரிந்த போற்றி தீர்த்தக் குடத்தை அவர் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். ஓடையோரமாக, சூடு ஆறாத சாம்பலில் கால் வைத்து, அடுப்பு அடுப்பாகக் குடத்தை ஏந்திக்கொண்டு நடந்தார் உமாசங்கர். பன்னிரண்டாவதாகப் பூமாரியின் கலத்தில் தண்ணீர் விழுந்தது. அவள் சுடலைக்கண்ணுவின் பெயரைச் சொல்லித் தரையில் நெற்றி பட விழுந்து எழுந்தாள். நேர்த்தி முடிந்தது.

எல்லாருக்கும் முகம் தெளிந்துவிட்டது. உமாசங்கரும் சிரித்துக்கொண்டு, போலீஸ்காரிக்கும் கேட்கிற மாதிரி, பூமாரி வேற்றாள் இல்லை, எங்கள் குடும்பத்தில் ஒருத்தி மாதிரி, வருத்தம் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள் என்றார். நாளைக்கு விருந்தாளிப் பாத்திரம் நிறையக் கிடக்கும், கொஞ்சம் நேரத்தோடு வந்துவிடு என்று அவளிடம் சொன்னார்.

பூமாரி சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள்.

“குடும்பத்துல ஒருத்தின்னா முன்வாசல்ல எனக்கும் ஒரு அடுப்புக்கு இடம் இருந்திருக்கும் சார். போற்றி கேட்டப்பம் நாங்க இங்க இல்லேன்னு சொன்னியள்லா? நாளைக்கும் நான் இல்லேன்னே வச்சுக்கிடுங்க.”

சரஸ்வதியம்மாள் முன்னால் வந்து, கலத்தை ஒரு பக்கம் பிடித்து அவள் தலையில் ஏற்றிவிட்டாள். பூமாரி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பிச்சைக்கனி அக்காளும் மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகக் கலத்தைத் தூக்கினார்கள். கடைசிக் கலம் சந்தைத் தாண்டுகிற வரைக்கும் காலிக் குடத்தோடு உமாசங்கர் ஓரத்தில் நின்றார். கார்கள் அதற்கப்புறம்தான் நகர்ந்தன.