ஒரு டி-ஷர்ட்டை வேகவைத்த கதை

1.

இந்தக் கதை நான் யோசித்ததல்ல, பொறுக்கியது. பாஸ்போர்ட் அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் முதுகிலிருந்து.

அவள் போட்டிருந்தது வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட். முதுகில் ஒரு படம். தரையைத் தொடும் பாவாடையும் அகலத் தொப்பியுமாக ஒரு பெண், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையில் ஓர் ஆண். இருவர் கையிலும் பழங்காலத்து டென்னிஸ் மட்டை, நடுவில் தொய்ந்த வலை. கீழே ஒரே வரி: 'எல்லாம் இங்கேதான் ஆரம்பித்தது.' இன்றைய விளையாட்டுகள் பிறந்த காலத்தைக் கொண்டாடுகிற டி-ஷர்ட்டாம். கால்பந்துக்கு ஒன்று, சைக்கிள் பந்தயத்துக்கு ஒன்று என்று வரிசையாகப் போட்டு விற்கிறார்கள்.

அதில் எனக்குக் கதை எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அவள் கணவர் அந்தப் படத்தைப் பார்த்த பார்வையில்தான் தெரிந்தது. சொத்துத் தகராறில் பங்காளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

'பொறாமை என்பது மனித மனத்தின் ஆதி —' (மேடைப் பேச்சு. வேண்டாம்.)

'அவர் அந்தச் சட்டையைத் தீர்த்துக்கட்ட முடிவு செய்த காலையில் வானம் —' (வானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?)

மூன்றாவதாக எழுதியது இது.

2.

அவர் பல்செட் செய்பவர். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அதை வைத்து பிளாஸ்டர் மாவில் வார்த்து, மெழுகில் ஈறு செதுக்கி, பல் பதித்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ரோஸ் நிற அக்ரிலிக் பிளாஸ்டிக்கை நிரப்புவார். முகத்தைவிட முதலில் பல்லைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். காலேஜ் நாட்களில் டென்னிஸ் கோப்பைகள் வாங்கியவள். இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடப் போவாள். கோப்பைகள் அலமாரிக்கு மேல் இருக்கின்றன. இவர் அவற்றைத் தூசி தட்டியிருக்கிறார். அவ்வளவுதான் அவருக்கும் டென்னிஸுக்கும் இருந்த உறவு.

பழைய ஆட்டக்காரர்களின் சந்திப்பு ஒன்றுக்குப் போய்விட்டு வந்தவள் பையிலிருந்து அந்த டி-ஷர்ட்டை எடுத்து உதறினாள்.

"என்ன பனியன் அது?"

"பனியன் இல்லைங்க, டி-ஷர்ட். பார்ட்னர் குடுத்தான்."

"எந்தப் பார்ட்னர்?"

"என்கூட ஜோடியா ஆடுவானே, அவன்தான். சொல்லியிருக்கேனே."

சொல்லியிருக்கிறாள். ஆனால் சட்டை தந்ததில்லையே அப்போதெல்லாம். அவர் அந்த வரியை வாய்விட்டுப் படித்தார்.

"எல்லாம் இங்கேதான் ஆரம்பித்தது. எல்லாம்னா?"

"டென்னிஸுங்க. வேற என்ன?"

வேறென்ன என்பதுதான் அவருக்கும் தெரியவில்லை.

(இடையில் ஒரு குறிப்பு. அவள் தன் கணவரை யாரிடம் பேசினாலும் 'அவர்' என்பாள். பார்ட்னர் மட்டும் 'அவன்'. ஊரார் எல்லோரும் மரியாதை கிடைக்கவில்லை என்று வருத்தப்படுவார்கள். இவருக்கு அந்த மரியாதையே முள்ளாகக் குத்தியது. கதை எழுதுகிறவன் யாரையும் 'அவன்' என்று எழுதலாம், கேட்க ஆளில்லை. ஆனாலும் நான் இவரை 'அவர்' என்றே எழுதுகிறேன், இவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே.)

டி-ஷர்ட் அவளுக்கு ஒரு சுற்றுப் பெரியது. தோள் வழிந்தது. வெளியே போட்டுக்கொண்டு போக முடியாது என்று வீட்டிலேயே போட்டுக்கொண்டாள். விடுமுறை மத்தியானங்களில் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தால் அந்த ஜோடி இவரைப் பார்த்து நிற்கும். அவள் மூச்சு விடும்போது இருவரும் மெதுவாக அசைவார்கள். அந்த டி-ஷர்ட் யாருடைய அளவு என்று கேட்க வாய் வரை வந்து திரும்பிவிடும்.

3.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். பார்ட்னரைக் கதைக்குள் கொண்டுவரத்தான் வேண்டுமா? முதல் பிரதியில் அவனுக்குச் சுருட்டை முடியும் வெளிநாட்டுக் காரும் கொடுத்தேன். படித்துப் பார்த்தால் சினிமா வில்லன்போல இருந்தான். காரைப் பிடுங்கிக்கொண்டேன். இப்போது அவன் சாதாரண ஆள், தண்ணீர் மோட்டார் விற்கிறான். அப்படியும் அவன்மேல் எனக்கு ஒரு புகைச்சல். நான் பக்கம் பக்கமாக எழுதியும் வராத சிரிப்பு, அவன் போனில் ஒரு வார்த்தை சொன்னதும் அவளுக்கு வருகிறது.

அந்தச் சிரிப்பைப் பல்செட்காரரும் கேட்டார். சமையலறையில் நின்று போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "போடா, நீ விட்ட பந்துதான் அது!" என்று சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்ததில்லை. அவர் ஏதாவது சொன்னாலும் சிரிப்பாள், இல்லையென்று சொல்ல முடியாது. அது வேறு. சில்லறை கொடுத்தால் வாங்கிக்கொண்டு சிரிப்பதுபோல.

அவள் போனில் இருந்த படத்தை ஒருநாள் பார்த்துவிட்டார். கோப்பையைப் பிடித்தபடி பார்ட்னர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். மேல்வரிசை, கீழ்வரிசை, எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் அவர் வயிற்றை எரித்தது.

4.

டி-ஷர்ட் துவைக்கப் போட்டிருந்த கூடையில் கிடந்தது. அதைச் சுருட்டிச் சாப்பாட்டுப் பையில் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

பல்செட் செய்யும் லேபில் அவரோடு மெழுகு வேலை பார்க்கும் அக்கா மட்டும் இருந்தாள். இவர் கொதிக்கும் சட்டிக்குள் வெள்ளைத் துணியை இறக்கிக் கரண்டியால் அமுக்குவதைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, துணி வேகுது?"

"கறைக்கா."

"கறையா? வெள்ளை வெளேர்னு இருக்கே."

"உங்களுக்குத் தெரியாதுக்கா."

"எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம். யாரோ வாயில வெக்கிற சாமான் செய்யற சட்டி இது. முடிஞ்சதும் நீயே தேய்ச்சுக் கழுவி வெச்சிரு, சொல்லிட்டேன்."

படம் கரையும் என்று நினைத்தார். கரையவில்லை. வரி உரியும் என்று நினைத்தார். உரியவில்லை. பாவாடைக்காரி கொதிக்கும் தண்ணீரில் மேலே வந்தாள், அமுக்கினார், அவளோடு அவனும் சேர்ந்து மேலே வந்தான். கடைசியில் கை சலித்துப்போய்ப் பிழிந்து, மாவு அச்சுகளைக் காயவைக்கும் சூட்டு அடுப்பில் போட்டு உலர்த்தி, சாயங்காலம் ஒன்றும் நடக்காததுபோல் துவைத்த துணிகளோடு மடித்து வைத்துவிட்டார்.

(அவரை அதோடு விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சட்டை கிழிந்தது, மனைவி அழுதாள், இவர் திருந்தினார் என்று — சேச்சே.)

பருத்தியைக் கொதிக்கவைத்தால் சுருங்கும். பல்லைப் பற்றி எல்லாம் தெரிந்தவருக்கு இது தெரியவில்லை.

5.

"ஏங்க! இங்க வந்து பாருங்களேன்!"

அவள் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். டி-ஷர்ட் அவளுக்கென்று அளவெடுத்துத் தைத்ததுபோல் தோளில் உட்கார்ந்திருந்தது.

"எப்படிச் சரியாப் போச்சுன்னே தெரியலை. இனிமே வெளியவே போட்டுக்கலாம்."

அவள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனாள், காய்கறி வாங்கப் போட்டுக்கொண்டு போனாள், பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் ஒளிந்திருந்த ஜோடியை இவரே ஊர்வலம் அனுப்பி வைத்ததுபோல் ஆயிற்று.

ஒரு சாயங்காலம் அவள் டி-ஷர்ட்டின் கையை முகர்ந்து பார்த்தாள். இன்னொரு முறை முகர்ந்தாள்.

"எத்தனை தடவை துவைச்சாலும் இதுல உங்க லேப் வாசனை போக மாட்டேங்குது."

அவர் செய்தித்தாளைத் திருப்பினார்.

"என்ன பண்ணீங்க?"

"வேகவெச்சேன்."

"என்னது?"

"சட்டியில போட்டு வேகவெச்சேன். போதுமா? எல்லாம் இங்கதான் ஆரம்பிச்சதுன்னு முதுகுல எழுதிப் போட்டுக்கிட்டு திரியறே. நான் என்ன, முடிக்க வந்தவனா?"

அவள் சிரிப்பாள் என்று நான் எழுதி வைத்திருந்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவன்மேல எனக்கு அந்த மாதிரி நினைப்பு எப்பவும் இருந்ததில்லைங்க. நம்பினா நம்புங்க. ஆனா நான் நல்லா ஆடுவேன். பந்து எங்க வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும். அதப் பக்கத்துல நின்னு பாத்தவன் அவன் ஒருத்தன்தான். நீங்க ஒருநாள்கூட வந்து பாத்ததில்லை. வாங்கன்னு கூப்பிட்டப்பல்லாம் வேலை இருக்குன்னீங்க."

"வேலை இருந்துச்சு."

"இருந்துச்சு. நான் இல்லைன்னு சொன்னேனா?"

6.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஆடும் டென்னிஸ் மைதானத்துக்கு அவர் போனார். கம்பி வேலிக்கு வெளியே, சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டார்.

இந்த ஆட்டத்தைப் பார்த்ததும் அவர் மனம் தெளிந்துவிடும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். தெளியவில்லை. அவள் அவ்வளவு நன்றாக ஆடினாள். எதிர்ப்பக்கம் இருந்த இருவரும் மூச்சிரைக்க ஓடினார்கள். அவள் ஓடவில்லை, பந்து வரும் இடத்தில் ஏற்கெனவே இருந்தாள். அவள் முன்னால் போனால் பார்ட்னர் கேட்காமலே பின்னால் வந்தான். "எனக்கு" என்பாள். அவன் விலகுவான். "உனக்கு" என்பான். அவள் விடுவாள். ஒரே வார்த்தையில் முடிந்துவிடும் பேச்சு. வீட்டில் ஒரு குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கவே இவர்களுக்கு நாலு வாக்கியம் வேண்டியிருந்தது.

இல்லாத கள்ள உறவைவிட இது மோசம் என்று பட்டது அவருக்கு. அதுவாக இருந்தால் சண்டை போடலாம். இதற்கு யாரோடு சண்டை போடுவது?



ஆட்டம் நடுவில் நின்றது. பார்ட்னர் நொண்டிக்கொண்டு வேலிப்பக்கம் வந்தான்.

"சார், நீங்கதானே? வாங்க, உள்ள வாங்க. எனக்கு முட்டி சொன்னபடி கேக்கலை. இந்த ஒரு கேம் மட்டும் நீங்க நில்லுங்க."

"எனக்கு ஆடத் தெரியாது."

"தெரிய வேணாம்" என்றாள் அவள், கோட்டில் நின்றபடியே. "நெட்டுகிட்ட நின்னா போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

7.

இதற்கு மேல் மூன்று முடிவுகள் எழுதினேன்.

அவர் உள்ளே போகிறார், முதல் பந்தே அவர் மட்டையில் பட்டு வெற்றி. (பொய்.)

அவர் திரும்பி நடக்கிறார், அவள் பின்னால் ஓடி வருகிறாள். (ஓட மாட்டாள். எனக்கு அவளைத் தெரியும். ஆட்டத்தை நடுவில் விட்டு வருகிறவள் அல்ல.)

யாரோ அடித்த பந்து பறந்து வந்து பார்ட்னரின் முன்பல்லை உடைக்கிறது, அவன் வாயைப் பொத்திக்கொண்டு பல்செட் லேபுக்கு — இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் என்னைப் பற்றித் தவறாக நினைப்பீர்கள். பல்செட்காரருக்குக்கூட இந்த எண்ணம் வரவில்லை. வந்தது எனக்கு. அதையும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

ஆகவே நடந்த வரைக்கும் சொல்கிறேன். அவர் வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். பார்ட்னர் மட்டையை நீட்டினான். அவர் கை அதைத் தொட்டது. கைப்பிடி ஈரமாக இருந்தது. இன்னொருவன் வேர்வை. அவன் கைச்சூடுகூட இன்னும் ஆறவில்லை.

எதிர்ப்பக்கத்து இருவரும் காத்திருக்கிறார்கள். அவள் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இவரைப் பார்க்கிறாள்.

இனி என்னால் எழுத முடியாது. எழுதினால் மறுபடியும் யார் பல்லையாவது உடைப்பேன். நீங்கள் சொல்லுங்கள், அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் அந்த ஈரக் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பீர்களா?