சீதனப் பட்டறை

"ஊடு சரி. வளவும் சரி. பட்டறைய ஆருக்கு வெச்சிரிக்கீங்க?" என்று கேட்டாள் ஸைனம்பு.

உசனார் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தார். அவர் மகள் நஸீறா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்த மாமி பெண்ணைப் பார்த்தது ஐந்து நிமிடம். பின்வளவைப் பார்த்தது அரை மணி நேரம்.

"அது நான் உழைக்கிற இடம், ராத்தா."

"ஒங்களுக்குப் பொறகு? ஆம்புளப் புள்ளயா இரிக்கி? என்ட மகன் பாறூக் கிளாக்கர் உத்தியோகம். வெறும் ஊட்டுக்குக் கட்டி வெக்க ஏலுமா?"

அந்தப் பட்டறையின் கதை காத்தான்குடி முழுக்கத் தெரியும். உசனார் ஒரு காலத்தில் அரிசி மில்லொன்றில் பொயிலருக்கு விறகு போட்டவர். சீமையிலிருந்து வந்த வால்வு பழுதானால், மாற்று வால்வு கப்பலில் வரும்வரை மில் ஆறு மாதம் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். பார்த்துப் பார்த்துச் சலித்தவர், பழைய கப்பல் பித்தளையை உருக்கித் தானே ஒன்றை வார்த்தார். முதலாவது வெடித்தது. இரண்டாவது ஒழுகியது. மூன்றாவது நின்றது. விறகை விட்டுவிட்டுப் பின்வளவில் ஓலைக்கொட்டில் போட்டார்.

நெல் அவிக்கும் தொட்டிக்குப் போகிற ஆவி கூடினால் தானே அடங்கி, குறைந்தால் தானே திறக்கிற வால்வு அது. உள்ளே இருக்கும் செப்புத் தகட்டை வளையம் வளையமாக நெளித்து அடிப்பதும், மூடியையும் அது உட்காரும் வாயையும் மயிரிழை இடைவெளியில்லாமல் தேய்த்துப் பொருத்துவதும் தாயில்லாத மகள் நஸீறாவின் கை. ஊருக்கு அது தெரியும். ஊர் அதைச் சொல்லாது. பெண் தேய்க்க வேண்டியது சட்டிபானையைத்தான் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஜேர்மன்காரனோடு சண்டை மூண்டு கப்பல்கள் நின்றுபோனதும், சுற்றுவட்டாரத்து மில்லுகளுக்கெல்லாம் உசனாரின் வால்வே கதி என்றாயிற்று. அப்போதுதான் நஸீறா திடீரென்று அழகான பெண்ணானாள்.

"இன்னொண்டு," என்றாள் ஸைனம்பு எழுந்துகொண்டே. "இனிப் புள்ள பட்டறைக்குள்ள கால் வெக்கப்படாது. கரி புடிச்ச கையோட கிளாக்கர்ட பொஞ்சாதி நிக்க ஏலாது. முதல்ல உறுதிய எழுதுங்க. பொறகுதான் நிக்காஹ்வுக்கு நாள்."

அவள் அவசரத்துக்கே சீதன உறுதிப் பத்திரம் எழுதி முடிந்தது. நொத்தாரிசு அருமைநாயகம் ஊர் வழக்கப்படி வீட்டையும் வளவையும் பட்டறையையும் நஸீறாவின் பேரிலேயே எழுதினார். ஸைனம்பு அதைக் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டினாள். பேர் பெண்ணுக்கு, சாவி மாப்பிள்ளைக்கு. ஊரையொட்டிய வாவியின் இரு கரையிலும் அந்த ஒரு விஷயத்தில் சாதி மத பேதம் கிடையாது.

மறுவாரமே, நிக்காஹ்வுக்கு நாள் குறிக்கும் முன்பே, பாறூக் லீவு போட்டு வந்து பட்டறையில் உசனாரின் கதிரையில் அமர்ந்தான். ஏறாவூர் ஹமீட் முதலாளியின் மில்லுக்குப் போகவேண்டிய வால்வு மேசையில் கிடந்தது.

"இதென்ன, இன்னும் அனுப்பல்லயா? மினுங்குதுதானே!"

வேலிக்கு அப்பாலிருந்து நஸீறா சொன்னாள்: "வாப்பா, அது இன்னும் சரியா உக்காரல்ல."

உசனார் நிலத்தைப் பார்த்தார். "மாப்புள சொல்றார், மகள்."

வால்வு போயிற்று. மூன்றாம் நாள் ஹமீட் முதலாளியின் தொட்டியில் ஆவி அடங்க மறுத்து, நெல் முழுதும் கஞ்சியாயிற்று. ஏறாவூர்க் கோழிகளுக்கு அன்று பெருநாள்.

ஸைனம்பு ஓடிவந்தாள். "பொம்புளைட கை பட்ட பட்டறையில பறக்கத்து எப்பிடி இரிக்கும்? உறுதிய என்ட மகன்ட பேருக்கு மாத்திருங்க. எல்லாம் சரியாகும்."

"ஒப்பத்த வை, மகள்," என்றார் உசனார். "கொமர வெச்சிக்கிட்டு நான் ஊருக்கு என்ன சொல்ற?"

நஸீறா தன் கைகளைப் பார்த்தாள். ஒரு மாதமாக வேலையில்லாமல் நகக்கண்ணின் கரி வெளுத்திருந்தது. வந்தவர்களெல்லாம் இப்போதுதான் பெண்ணின் கை மாதிரி இருக்கிறது என்று மெச்சினார்கள். அவளுக்கு அவை யாருடைய கைகளோ போலிருந்தன. வாப்பாவின் முகத்தைப் பார்த்தால் ஒப்பம் வைத்துவிடுவோம் என்ற பயத்தில், அவரைப் பாராமலே பேசினாள்.

"உறுதி என்ட பேரில இரிக்கி, மாமி. நீங்கதானே அவசரப்பட்டு எழுத வெச்சீங்க. ஒப்பம் நான் வெக்கமாட்டன். ஒங்கட மகனுக்குப் பட்டறையில ஆசையெண்டா வரச் சொல்லுங்க. வால்வத் தொறக்கிறதில இரிந்து பழக்கித் தாறன்."

ஸைனம்பு போனாள்; கல்யாணமும் போனது. பெண்பிள்ளை கையில் அரத்தைக் கொடுத்தால் இதுதான் நடக்கும் என்று ஊர் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. இரண்டு நாள் உசனார் பட்டறைப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள், "அந்த ஏறாவூர் வால்வ ஆர் பாக்கிற?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான்."

ஹமீட் முதலாளி வால்வைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். நஸீறா ஒரு கிழமை தேய்த்துக் கொடுத்தாள். "நல்ல வேல, புள்ள. ஆனா நீ செஞ்சதெண்டு ஆருக்கும் சொல்லிராத. என்ட மில்லுக்கு மதிப்பில்லாமப் போகும்," என்று கேட்டுக்கொண்டார்.

கஞ்சிக்கு மன்னிப்புக் கேட்க ஏறாவூர் போயிருந்த பாறூக், அங்கே மில்லையும் பார்த்திருந்தான். முதலாளிக்குக் கட்டிக் கொடுக்க ஒரு கொமர் இருப்பதையும் பார்த்திருந்தான். நான்கு மாதத்தில், பாதி மில் சீதனத்தோடு கல்யாணம் நடந்தது.

உசனாருக்கும் அழைப்பு வந்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவர் பட்டறை வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மகள், ஸைனம்பு ராத்தா சபையில என்ன சொன்னா தெரியுமா? 'பாத்தீங்களா சோத்த, பூப்போல உதிருது. ஆம்புளைகள்ட கை மட்டும் பட்ட மில்லெண்டா இப்பிடித்தான்' எண்டு."

நஸீறா தேய்த்துக்கொண்டிருந்த வால்வின் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."