செக்கரின் தட்டு

பூனையின் தட்டைக் காணவில்லை. அடுப்பு மேடைக்குக் கீழே, சிலிண்டருக்குப் பின்னால், பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் என்று அவள் தரையில் முழங்காலிட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். முன்னறையில் அவள் கணவர் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு நீ பண்றது," என்று சமையலறை வாசலில் நின்று சொன்னாள் நாத்தனார். "அங்க வர்றவங்கள்லாம் பொண்டாட்டி எங்கேன்னு கேக்கறாங்க. நீ இங்க தரையைத் துழாவிக்கிட்டிருக்க."

"பூனை தட்டு, அண்ணி. அத தேடறேன்."

"என் தம்பியே போயிட்டான். உனக்குப் பூனை தட்டு ஒரு கேடா?"

"அது நேத்து ராத்திரி சாப்பிட்டதுதான். பூனை ரெண்டு நாள் பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுப்போயிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் அது கணவருடைய வாக்கியம் என்று அவளுக்கு உறைத்தது. அவர் சொல்லும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் அவள். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். பூனையின் பசி என்பது பாதி சாக்குதான். இன்று காலை அந்தத் தட்டில் சாப்பாடு இருந்ததா இல்லையா, அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவரை எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியும் அந்தப் பெயர் அவரை விட்டு இறங்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் நின்றே பழகிய மனுஷனுக்கு வீட்டில் உட்காரத் தெரியவில்லை. முதலில் ஒரு தெரு நாய் அவர் பின்னாலேயே வந்து சேர்ந்தது. எங்கே போனாலும் பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறதே என்று அதற்கு ஸ்டெப்னி என்று பெயர் வைத்தார். அடுத்து ஒரு பூனை. வந்த அன்றே அது சமையலறைப் பாத்திரங்களின் மூடியை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தது. "வந்துட்டாருய்யா செக்கர்!" என்றார். வேலை பார்த்த காலத்தில் டிக்கெட் பரிசோதிக்க ஏறும் செக்கரைக் கண்டு நடுங்கியவர், ஓய்வு காலத்தில் ஒரு செக்கருக்குச் சேவகம் செய்தார்.

சேவகம் என்றால் சாதாரணச் சேவகமா? நாய்க்குக் கோழியும் பூசணிக்காயும் வேகவைத்துச் சோற்றோடு பிசைவார். அதில் ஒரு கல் உப்பு விழக்கூடாது. வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும், திராட்சை விஷம், வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுப்பார். ராத்திரியே மறுநாளைக்கு வேண்டியதை அளந்து டப்பாக்களில் போட்டு, மூடி மேல் 'காலை', 'மாலை' என்று எழுதி பிரிட்ஜில் வைத்துவிடுவார்.

"எனக்கு ஒரு நாளாவது இப்படி அளந்து வச்சிருக்கீங்களா?" என்று அவள் கேட்டாள் ஒருமுறை.

"உப்பில்லாம சாப்பிடறேன்னு சொல்லு. நாளைலேர்ந்து உன்னையும் லிஸ்ட்ல சேத்துடறேன்."

சாப்பிடக் கூப்பிடுவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. தட்டை நிரப்பிக் கீழே வைத்து, எவர்சில்வர் கரண்டியால் அதன் விளிம்பில் டக் டக் என்று இரண்டு தட்டு. "ரெண்டு விசில்னா போலாம், ஒரு விசில்னா நிறுத்து. இதுகூடத் தெரியாம என்கூட எத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின?" என்பார். காலித் தட்டை மட்டும் தட்டவே மாட்டார். பக்கத்து வீட்டுப் பேரப்பிள்ளை ஒரு தடவை விளையாட்டுக்குத் தட்டியதற்கு, "வண்டி கிளம்பாம விசில் அடிக்கப்படாது தம்பி. வாயில்லா ஜீவன் நம்பி ஓடிவரும்," என்று கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்.

போன மாதம் செக்கர் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. கால்நடை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிறுநீரகம் பழுதாகிறது என்றார். வேறு சாப்பாடு கொடுத்தார். ஒரேயடியாக மாற்றாமல், பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து பழக்கச் சொன்னார். செக்கருக்கு அந்தக் கலப்படம் பிடிக்கவில்லை. மோந்து பார்த்துவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அவர் விடமாட்டார். பத்து நாளாகக் காலை ஆறரை மணிக்கு டக் டக், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டக் டக்.

அவள் துணி தைப்பவள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற மாசம் இது. நேற்று இருபது சட்டைக்குக் காஜா எடுத்துவிட்டுப் படுத்தபோது கண்ணெல்லாம் எரிந்தது. காலையில் சத்தம் கேட்டது. டக். அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி டக். பூனைதான் வம்பு பண்ணுகிறது என்று நினைத்தாள். தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். மறுபடியும் டக்.

"போதும், நிறுத்துங்க! மனுஷியத் தூங்க விடுங்க!" என்று படுத்தபடியே கத்தினாள்.

சத்தம் நின்றது. அட, சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாரே என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

ஏழு பத்துக்கு எழுந்து வந்தபோது அவர் பிரிட்ஜ் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். கையில் கரண்டி இருந்தது. தட்டு பக்கத்தில் இருந்தது. அந்த நேரத்தில் தட்டில் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்? அவள் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு டீச்சர் ஓடிவந்தார், யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் அவள் தோளைத் தொட்டு, "இதயம் நின்னிருக்கும்மா. ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். அவருக்கே தெரிஞ்சிருக்காது," என்றார். அவள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தாள். வந்து பார்த்தால் நல்ல மனசுள்ள யாரோ சமையலறையைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டிருந்தார்கள்.

மதியம் மகன் வந்து சேர்ந்தான். பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அப்பா கூப்பிட்டாராம்மா? ஏதாவது?"

"ஒரு சத்தமும் கேக்கலடா," என்றாள். "தூங்கிட்டிருந்தேன்."

"விடும்மா. தெரிஞ்சா எந்திரிச்சிருக்க மாட்டியா?" என்று அவன் அவளைத் தோளோடு சேர்த்துக்கொண்டான். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் ஸ்டெப்னி, வந்தவர்களின் செருப்புகளை ஒவ்வொன்றாக மோந்துகொண்டிருந்தது. அவருடைய பழைய டிரைவர், கூடவே பதினேழு வருஷம் ஒரே தடத்தில் ஓட்டியவர், அதற்கு ஒரு பன்னைப் பிய்த்து நீட்டினார். அவள் பெட்டி அருகிலிருந்தே எழுந்து கத்தினாள்.

"குடுக்காதீங்க! அதுல திராட்சை இருக்கு! நாய்க்கு ஆகாது!"

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிரைவர் கையை இழுத்துக்கொண்டார். "கண்டக்டர் சொன்ன மாதிரியே சொல்றீங்களேம்மா," என்றவர், அந்தப் பன் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதார். நாத்தனார் யாரிடமோ, "பாவம், அவளுக்குப் புத்தி ஒரு நிலையில இல்ல," என்று சொல்வது காதில் விழுந்தது.

டீச்சர்தான் அவளைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"டீச்சர், காலைல இந்த இடத்தைச் சுத்தம் பண்ணினது யாரு?"

"நான்தாங்க. ஏன், ஏதாவது காணுமா?"

"அவர் பக்கத்துல ஒரு சின்னத் தட்டு இருந்துச்சே."

"அதுவா? மேல் அலமாரில வச்சேன். யாராவது மிதிச்சிடுவாங்கன்னு." டீச்சர் எட்டி எடுத்துக் கொடுத்தார். விளிம்பு நசுங்கிய, உள்ளங்கை அளவுத் தட்டு.

"கழுவினீங்களா?"

"இல்லையே. கழுவ என்ன இருந்துச்சு? சுத்தமா, காஞ்சுதான் இருந்துச்சு."

"பூனை நக்கியிருக்கும்," என்றாள் அவள். டீச்சர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும்.

"அது கட்டிலுக்கு அடியிலேர்ந்து வெளியவே வரலீங்களே. நான் எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்தேன்."

டீச்சர் போன பிறகு அவள் பிரிட்ஜைத் திறந்தாள். நடு அடுக்கில் நான்கு டப்பாக்கள். பூனையுடையது இரண்டு, நாயுடையது இரண்டு. 'காலை' என்று எழுதிய டப்பாக்களைத் தூக்கிப் பார்த்தாள். கனத்தன. பூனை டப்பாவின் மூடியைத் திறந்தாள். அவர் கரண்டியால் சமன்படுத்தி வைத்தது அப்படியே இருந்தது. பிரிட்ஜ் கதவு திறந்தே இருக்க, அதன் குளிர் முகத்தில் அடிக்க, அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவர் காலித் தட்டைத் தட்டியிருக்கிறார். பூனையைக் கூப்பிடவில்லை. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கூப்பிட்டார். நிறுத்துங்க என்றேன், நிறுத்திவிட்டார். ஐயோ, நான் சொன்னேன் என்றா நிறுத்தினீங்க?

நாலு மணிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஸ்டெப்னி தெருமுனை வரை வண்டிக்குப் பின்னாலேயே ஓடிப்போய், மூச்சு வாங்கத் திரும்பி வந்தது. சாயங்காலம் அதற்குத் தன் டப்பா கிடைத்ததும் ஒரு பருக்கை விடாமல் தின்றது. துக்கத்திலும் பசிக்கும், நாய்க்கு அது ஒரு வரம். செக்கர் கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகப் பதுங்கியிருந்தது. கையை நீட்டினால் இன்னும் உள்ளே போனது.

கால்நடை டாக்டருக்கு அவளே போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"நல்ல மனுஷர்மா," என்றார் அவர். "ஆயிரம் கேள்வி கேப்பாரு. சரி, இப்போதைக்குப் புதுச் சாப்பாட்டை விட்டுடுங்க. பழசையே குடுங்க. வெதுவெதுன்னு சூடு பண்ணுங்க, மணம் வந்தா வரும். நாளைக்குக் காலைலயும் தொடலேன்னா இங்க தூக்கிட்டு வந்துடுங்க, விட்டுடாதீங்க."

"பண்ணிப் பாத்தேன், டாக்டர். கிட்டக்கூட வரல."

"அவர் எப்படிக் கூப்பிடுவாரு?"

அவள் மேடை மேல் கிடந்த கரண்டியைப் பார்த்தாள்.

"அதே மாதிரி கூப்பிட்டுப் பாருங்க. பழகின சத்தத்துக்குத்தான் பூனை வரும்."

அந்தச் சாயங்காலம் அவளால் முடியவில்லை. மூன்று முறை கரண்டியைக் கையில் எடுத்தாள், மூன்று முறையும் திரும்ப வைத்தாள். சொந்தக்காரர்கள் கிடைத்த இடத்தில் பாயை விரித்தார்கள். மகன் மாடி அறைக்குப் போனான். காலையிலிருந்து பயணம் செய்து வந்தவன், படுத்ததும் தூங்கியிருப்பான். அவளுக்குத்தான் தூக்கம் வரவில்லை. நேற்று எப்படி வந்தது என்று நினைத்து நினைத்து, மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தே இருந்தாள்.

விடிந்தது. ஆறரை ஆகவில்லை. அவள் சமையலறைக்குப் போனாள். பழைய சாப்பாட்டு டின்னைத் திறந்து, கிண்ணத்தில் போட்டு, வெந்நீரில் வைத்துச் சூடுபடுத்தினாள். விரலால் தொட்டுப் பார்த்தாள், அவர் பார்ப்பது மாதிரி. நசுங்கிய தட்டில் வழித்துப் போட்டுப் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், அதே இடத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இன்றைக்கும் தின்னாவிட்டால் இதையும் நான்தான் கொன்றேன் என்று ஆகும் என்று நினைத்தாள். கரண்டியை எடுத்தாள்.

இரண்டு தட்டு சேர்ந்தாற்போல் அவளுக்கு வரவில்லை. டக் என்று ஒரு தட்டு. காத்திருந்தாள். வீடு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு தட்டு.

மாடியில் கதவு திறந்தது. படியில் தடதடவென்று காலடிச் சத்தம். போர்வை தோளிலேயே தொங்க, மகன் சமையலறை வாசலில் வந்து நின்றான். மூச்சு வாங்கியது.

"என்னம்மா? என்ன ஆச்சு? எதுக்குக் கூப்பிட்ட?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மாடி வரைக்குமா கேட்டுச்சு?"

"நல்லாக் கேட்டுச்சே. நான் என்னவோ ஏதோன்னு..."

"உன்னை இல்லடா," என்றாள். "பூனைக்கு."

அவன் அப்பாடா என்று கதவு நிலையில் சாய்ந்தான். சாய்ந்தவன் அவள் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். பிறகு சமையலறைக்கு நேரெதிரே இருந்த அவளுடைய படுக்கையறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான். எட்டு அடி இருக்கும். அப்பா கையில் கரண்டியோடு கிடந்ததை டீச்சர் அவனுக்குச் சொல்லியிருந்தார்; மாடிக்கே கேட்ட சத்தம் இது. வேறு எதுவும் கேட்காமல், போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தான்.

கட்டிலுக்கு அடியிலிருந்து செக்கர் வந்தது. வாசலில் நின்று, இரண்டு பேரையும் பார்த்து, ஒரு காலைத் தூக்கியபடி தயங்கியது.

"இன்னொரு தட்டு தட்டும்மா," என்றான் மகன், தரையைப் பார்த்துக்கொண்டு. "வந்துடும்."

அவள் தட்டவில்லை. கரண்டியை மடியில் வைத்து, சத்தம் வராமல் துணியால் சுற்றிக்கொண்டு, ஒரு விரலால் தட்டை வாசல் பக்கமாகக் கொஞ்சம் தள்ளினாள்.